ஃபுவஹ்முலா புலிச்சுறா டைவ்: எந்த டைவ் சென்டரை நம்பி இறங்கலாம்?

நவம்பர் 8, 2025, இரவு 9.40 (கேள்வி)

பிப்ரவரியில் ஐந்து நாள் மாலத்தீவின் ஃபுவஹ்முலாவுக்குப் போவதாக நானும் நண்பரும் முடிவு செய்திருக்கிறோம். புலிச்சுறா பார்க்கத்தான். இரண்டு பேரிடமும் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவின் முதல் நிலை) சான்றிதழ் இருக்கிறது. ஆளுக்கு 22 டைவ், எல்லாம் புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும். இன்ஸ்டாகிராமில் எல்லா சென்டரும் ஒரே மாதிரி தெரிகின்றன, எல்லா வீடியோவிலும் ஏழெட்டு சுறா. எதை வைத்துப் பிரித்தறிவது? விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாமா?

நவம்பர் 8, இரவு 11.15

முதலில் வீடியோவை ஒதுக்கி வையுங்கள். அங்கே சுறா எல்லோருக்கும் பொது. துறைமுக வாசலில் மீனவர்கள் சூரை வெட்டிக் கொட்டும் தலையும் குடலும் தேடி வந்து பழகிய சுறாக்கள் அவை. எந்த சென்டரோடு போனாலும் அதே இடம், அதே பத்து மீட்டர் ஆழம், அதே சுறா. 2010-ல் நாடு முழுக்க சுறா பிடிப்பதைத் தடை செய்தார்கள், அதனால்தான் இத்தனை மிஞ்சியிருக்கின்றன. 'எங்களிடம் வந்தால் அதிகம் பார்க்கலாம்' என்று ஒரு சென்டர் சொன்னால் அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும். குழுவை எப்படி இறக்குகிறார்கள், எப்படி வெளியே எடுக்கிறார்கள், யாருக்காவது கடி விழுந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வார்கள். இதையெல்லாம் பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம்.

முதல் கேள்வி இது: "எப்படிப்பட்டவர்களை நீங்கள் சுறா டைவுக்குக் கூட்டிப்போக மாட்டீர்கள்?" தெளிவான பதில் வந்தால் மேலே பேசுங்கள். "யார் வேண்டுமானாலும் வரலாம், பயமே இல்லை" என்று வந்தால் அடுத்த சென்டருக்குப் போய்விடுங்கள்.

நவம்பர் 9, காலை 7.05

22 டைவ் பற்றி. எண்ணிக்கையைவிட, அசையாமல் இருக்கத் தெரியுமா என்பதுதான் அங்கே முக்கியம். சுறா டைவில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் மண்டியிட்டு, முதுகுப்பக்கம் பாறையோ சேஃப்டி டைவரோ (பின்னால் காவலுக்கு நிற்பவர்) இருக்கும்படி உட்கார வேண்டும். மிதவை கட்டுப்பாடு இல்லாதவர் அரை மீட்டர் எழும்புவார், கையை வீசுவார், ஃபினால் (காலில் மாட்டும் துடுப்பால்) மணலைக் கிளப்புவார். கலங்கல் எழுந்தால் கைடுக்கு சுறா தெரியாது. இந்த ஒன்றுதான் பல அசம்பாவிதங்களின் தொடக்கம்.

மேலே மிதக்காமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் எடையில் ஒரு கணக்கு. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ காற்று வெளியேறிவிடுகிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கும் எடை முடிவில் போதாது. சாதாரண ரீஃப் (பவளப்பாறை) டைவில் இதைச் சமாளிக்கலாம். சுறா வரிசையில் டைவ் முடியும் நேரத்தில் நீங்கள் மட்டும் மேலே மிதக்க ஆரம்பித்தால் அதைவிட மோசமான நிலை இல்லை. சென்டர் நடத்தும் செக் டைவின் (உங்கள் திறனைப் பார்க்கும் முதல் டைவ்) முடிவில், 50 பாரில், 5 மீட்டரில் பிசிடியை (காற்று நிரப்பி மிதக்க உதவும் மேலங்கி) முழுக்கக் காலி செய்துவிட்டு நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு கிலோ சேர்த்துக்கொண்டு சுறா டைவுக்கு இறங்குங்கள்.

செக் டைவ் இல்லாமல் முதல் நாளே துறைமுகத்துக்குக் கூட்டிப்போகும் சென்டர் வேண்டாம். மாலத்தீவு விதியே இப்படி ஓர் ஓரியன்டேஷன் டைவைக் கேட்கிறது.

நவம்பர் 9, பிற்பகல் 1.30

காற்றுக் கணக்கைத் தனியாகவே எழுதுகிறேன், முக்கியமானது.

10 மீட்டரில் அழுத்தம் 2 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 40 லிட்டர் இழுப்பார். 200 பாரில் தொடங்கி 70 பாரில் கிளம்ப வேண்டும் என்றால் கையில் இருப்பது 130 பார் × 11 லிட்டர் = 1430 லிட்டர், அதாவது சுமார் 35 நிமிடம். முதல் முறை புலிச்சுறாவைப் பார்ப்பவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் எளிதாக இழுப்பார். அவருக்கு 28 நிமிடம்தான்.

அந்த ஒருவர் 70 பார் காட்டியதும் என்ன நடக்கும்? சென்டரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இதுதான். சரியான பதில்: முழுக் குழுவும் கிளம்பும், அல்லது ஒரு கைடு அவரைக் கூட்டிக்கொண்டு போவார், மீதிப் பேரோடு இன்னொரு கைடு இருப்பார். தவறான பதில்: "அவர் மெதுவாக மேலே போய்ப் படகில் ஏறிக்கொள்வார்." சுறாவை வரவழைக்க சென்டர்கள் வைக்கும் இரையின் மணம் பரவிய நீரில் தனி ஆளை மேலே அனுப்பும் சென்டரோடு இறங்கவே கூடாது.

2017 நவம்பர் 30 அன்று கோஸ்டா ரிகாவின் கோகோஸ் தீவில் ஒரு டைவர் புலிச்சுறா தாக்கி இறந்தார். டைவ் முடிந்து மேலேறும் கட்டத்தில் அது நடந்தது. தரையில் முதுகைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைவிட, நடுநீரில் காலைத் தொங்கவிட்டு மேலே பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஆபத்து அதிகம்.

ஆகவே வெளியேறும் முறையைப் படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். இரை வைத்த இடத்திலிருந்து ரீஃப் ஓரமாக நன்றாக விலகி வந்த பிறகுதான் மேலேற வேண்டும். 5 மீட்டர் நிறுத்தத்தில் எல்லோரும் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒட்டி நிற்க வேண்டும். தோணி பக்கத்தில் வந்த பிறகு ஒருவர் பின் ஒருவராக ஏணி ஏற வேண்டும். கடைசி ஆள் ஏறும்வரை ஒரு கைடு நீருக்குள் கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதந்துகொண்டு பேசக் கூடாது, மாஸ்க்கைக் கழற்றக் கூடாது.

(மாலத்தீவின் மொழியான திவேஹியில் படகுக்குப் பெயர் 'தோனி'. நம் தோணிதான்.)

நவம்பர் 9, இரவு 10.20

கேட்டவர் கைடு விகிதம் கேட்டிருக்கிறார். நான்கு பேருக்கு ஒரு கைடு போதும்.

நவம்பர் 10, காலை 6.50

நேற்றிரவு எழுதிய விகிதத்தைத் திருத்துகிறேன். அந்த எண் மட்டும் சொன்னால் ஏமாந்துவிடுவீர்கள். சில இடங்களில் இரையைக் கல்லுக்கடியில் வைப்பவரையும் வீடியோ எடுப்பவரையும் சேர்த்து 'மூன்று பேர் ஸ்டாஃப்' என்று கணக்குக் காட்டுவார்கள். இரை வைப்பவர் கண் இரைமேல் இருக்கும், வீடியோக்காரர் கண் திரைமேல் இருக்கும். விருந்தினர்களை மட்டும் பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நால்வருக்கு ஒரு கைடு, கூடவே வரிசைக்குப் பின்னால் ஒரு சேஃப்டி டைவர். இதுவே குறைந்தபட்சம்.

பின்னால் ஆள் எதற்கு? புலிச்சுறா பதுங்கி வரும் இனம். நேருக்கு நேர் பார்க்கிறவரிடமிருந்து விலகிப்போகும், பார்க்காதவர் பக்கம் சுற்றி வரும். முன்னால் நான்கு சுறா நீந்தும்போது எல்லோர் கண்ணும் அங்கே இருக்கும், ஐந்தாவது சுறா முதுகுப்பக்கம் வரும். 'சுறா எந்தத் திசையில் வந்தாலும் உடம்பை அதை நோக்கித் திருப்பு' என்பதை பிரீஃபிங்கில் செய்துகாட்ட வேண்டும். சுறா முட்ட வந்தால் கையை நீட்டி, உள்ளங்கையை அதன் தலையின் மேற்பகுதியில் வைத்து, கீழும் பக்கமுமாகத் திருப்பிவிடுவார்கள். அது கைடின் வேலை. 'விருந்தினரும் தொடலாம், போட்டோ நன்றாக வரும்' என்று சொல்லும் சென்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நவம்பர் 10, மாலை 5.45

கேள்வி வந்திருக்கிறது: மாதவிடாய் நேரத்தில் இறங்கலாமா?

இறங்கலாம். மாதவிடாயால் சுறா தாக்கும் அபாயம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைப் படகிலேயே உட்கார வைக்கும் சென்டருக்கு சுறாவைப் பற்றித் தெரிந்தது குறைவு என்றே எடுத்துக்கொள்வேன்.

நவம்பர் 11, இரவு 8.30

உடையும் கேமராவும். தலை முதல் கால்வரை கறுப்பு அல்லது கருநீலம். வெள்ளை ஃபின், மஞ்சள் மாஸ்க், மின்னும் கடிகாரம், மோதிரம், காலில் கட்டும் சங்கிலி எதுவும் வேண்டாம். வெளிர் நிறக் கைகள் இருட்டு உடைக்கு முன்னால் மீன்போல மினுங்கும், அதனால் கறுப்புக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவும் ஸ்ட்ரோபும் (ஃபிளாஷ் விளக்கு) மின்சாரப் பொருள்கள். சுறாவின் மூக்கில் உள்ள துளைகள் மிக மெல்லிய மின்புலத்தையும் உணரும், அதனால் கேமராவை வாயால் 'தொட்டுப் பார்க்க' வரும். பெரிய ஹவுசிங் (கேமராவின் நீர்புகா உறை) இருந்தால் அதையே முகத்துக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம். குச்சியில் மாட்டிய சின்ன கேமராதான் தொந்தரவு, கையை உடம்பை விட்டு நீட்ட வைக்கும். நல்ல சென்டர்கள் செல்ஃபி குச்சிக்குத் தடை போட்டிருக்கும்.

நவம்பர் 12, காலை 7.15

கையுறை பற்றி நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரை வைக்கும் சுறா டைவுகளில் பல நாடுகளில் அதுதான் பழக்கம். ஆனால் மாலத்தீவில் பவளத்தைத் தொடத் தூண்டும் என்று நிறைய சென்டர்கள் கையுறையையே அனுமதிப்பதில்லை. சென்டர் சொல்வதைக் கேளுங்கள். கையுறை இல்லையென்றால் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு உட்காருங்கள், அது போதும்.

நவம்பர் 12, இரவு 9.55

மருத்துவ ஏற்பாடு. எதிலும் இவ்வளவு கறாராக நடந்துகொள்ளச் சொல்ல மாட்டேன், இதில் சொல்கிறேன்.

சுறா கடித்தால் உயிர் போவது ரத்தப்போக்கால். தோணியில் முறையான டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்கும் பட்டை) குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒரு தொடைக்கு ஒன்றே போதாமல் போகலாம். அழுத்திக் கட்டும் பெரிய பேண்டேஜ் வேண்டும். டூர்னிக்கேவைக் கையில் எடுத்து, ஒருவர் காலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் கிடந்தால், அதைப் போடத் தெரிந்தவர் படகில் இல்லை என்று அர்த்தம். இறுக்கிய நேரத்தை எழுதி வைக்க மார்க்கர் பேனா கூட இருக்க வேண்டும்.

ஆக்சிஜன். டைவ் நோய்க்கு (மேலேறும்போது உடம்பில் வாயுக் குமிழ் உண்டாவது) நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுக்க வேண்டும். 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 400 லிட்டர், 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 10 லிட்டர் சிலிண்டர் என்றால் 2000 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 'ஆக்சிஜன் இருக்கிறதா' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கிறது' என்பார்கள். எத்தனை லிட்டர் சிலிண்டர், இப்போது எத்தனை பார், நான்-ரீபிரீதர் மாஸ்க் (ஆக்சிஜனை அடர்த்தியாகக் கொடுக்கும் பை வைத்த மாஸ்க்) எத்தனை என்று கேளுங்கள்.

தீவில் மருத்துவமனை உண்டு. ஆனால் நீண்ட காலமாக அறியப்பட்ட ஹைப்பர்பேரிக் சேம்பர் (டைவ் நோய்க்கு அழுத்தம் கூட்டிச் சிகிச்சை தரும் அறை) தலைநகர் மாலே பக்கத்தில் பண்டோஸ் தீவில். ஃபுவஹ்முலாவிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். "எந்த சேம்பருக்கு அனுப்புவீர்கள், அது இயங்குகிறதா என்று கடைசியாக எப்போது விசாரித்தீர்கள், விமானத்துக்கு யார் பேசுவார்கள்?" பழுது, ஆள் இல்லை என்று சேம்பர்கள் மூடிக் கிடப்பது உலகம் முழுக்க நடக்கிறது. அதனால்தான் தேதியோடு கேட்கச் சொல்கிறேன்.

சாதாரண பயணக் காப்பீடு பெரும்பாலும் ஸ்கூபாவை விலக்கி வைத்திருக்கும். விதிவிலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு டைவ் காப்பீடு தனியாக எடுங்கள். அவசர வெளியேற்றச் செலவு அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

நவம்பர் 13, காலை 6.40

டைவ் சென்டர் தரும் மருத்துவக் கேள்வித்தாளை ஊரிலேயே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை போன்ற ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவுக்குப் போன பிறகு அதற்காக அலைந்தால் இரண்டு நாள் போய்விடும்.

நவம்பர் 14, இரவு 10.05

அட்வான்ஸ்டு (ஓப்பன் வாட்டருக்கு அடுத்த நிலை) கோர்ஸை அங்கேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: செய்யலாம். திரெஷர் சுறா, கொம்பன் சுறா எல்லாம் 18 மீட்டருக்குக் கீழேதான் பெரும்பாலும். 18 மீட்டர் எல்லையுள்ள ஓப்பன் வாட்டரோடு நின்றால் துறைமுகமும் சில ரீஃப்களும் மட்டும்தான் கிடைக்கும்.

நவம்பர் 15, காலை 8.20

யோசித்துப் பார்த்தேன், 'செய்யலாம்' என்றது சரியில்லை. அட்வான்ஸ்டு கோர்ஸ் ஐந்து டைவ், இரண்டு மூன்று நாள். ஐந்து நாள் பயணத்தில் பாதி அதற்கே போய்விடும். அதோடு ஃபுவஹ்முலாவைச் சுற்றிக் காயல் கிடையாது, ஒற்றைத் தீவு, ரீஃப் ஓரம் செங்குத்தாக இறங்கி நேராக ஆழ்கடல். நீரோட்டம் திடீரென்று வெளிப்பக்கம் இழுக்கும். முதல் 30 மீட்டர் டைவைப் பழக அது இடமில்லை. பிப்ரவரிக்குள் அந்தமானிலேயே முடித்துவிட்டுப் போங்கள், கூடவே நைட்ராக்ஸும் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று). மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு எல்லை 30 மீட்டர், டீகம்ப்ரெஷன் டைவ் (மேலேறும்போது கட்டாயம் நின்று நின்று வர வேண்டியது) கூடாது. 32 சதவீத நைட்ராக்ஸுக்கு ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் எல்லை சுமார் 34 மீட்டர், ஆகவே அது அங்கே கச்சிதமாகப் பொருந்தும். சிலிண்டரைச் சென்டர் அளந்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அனலைசரை நீங்களே பிடித்துப் பாருங்கள். அளக்க விடாத சென்டரிடம் நைட்ராக்ஸ் வாங்காதீர்கள்.

எஸ்எம்பி (நீர்மேல் நிற்கும் அடையாளப் பலூன்) ஆளுக்கு ஒன்று, ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல். குழுவுக்கு ஒன்று என்பது அந்தக் கடலுக்குப் போதாது, அலை எழும்பினால் ஒற்றைத் தலை தோணியிலிருந்து தெரியாது.

நவம்பர் 16, பிற்பகல் 2.10

செங்கடல் லிவ்அபோர்டு (பல நாள் தங்கி டைவ் செய்யும் படகு) பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே எகிப்தின் பிரதர்ஸ், டீடலஸ் ரீஃப்கள் பக்கம் இலையுதிர் காலத்தில் ஓஷியானிக் வெள்ளைமுனைச் சுறா வரும். 22 டைவ்காரருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது, எகிப்தில் அந்தத் தொலைதூரப் பகுதிகளுக்கு 50 டைவ் பதிவு இருக்க வேண்டும்.

அதைவிட, படகையே பார்க்க வேண்டும். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் இல்லை. இரண்டு வெளியேறும் வழியும் ஒரே அறைக்குள் போய் முடிந்தன, தீ அந்த அறையில். செங்கடலிலேயே 2023 ஜூனில் ஒரு படகு எரிந்தது, 2024 நவம்பர் 25 அன்று சீ ஸ்டோரி என்ற படகு கவிழ்ந்தது. எந்த லிவ்அபோர்டானாலும் மூன்றே கேள்வி: இரவு முழுக்க விழித்திருப்பவர் யார்? லித்தியம் பேட்டரி எங்கே, எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது? என் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? ஏறிய அன்றே அந்த இரண்டாவது வழியாக உடம்பை நுழைத்து வெளியே வந்து பாருங்கள்.

நவம்பர் 16, இரவு 9.30

பழைய விளம்பரம் பற்றிச் சேர்க்கிறேன், பக்கத்து ஊர் விஷயமில்லை என்றாலும். தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் வெள்ளைச்சுறாவுக்குப் பெயர்போன இடம். 2017 முதல் ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) அவற்றைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கியதும் வெள்ளைச்சுறா அங்கே அரிதாகிவிட்டது. மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் 2023 ஜனவரியில் சுறா சுற்றுலாவையே மூடிவிட்டார்கள். இணையத்தில் இரண்டு இடத்தின் பழைய படங்களும் இன்னும் சுற்றுகின்றன. "கடந்த 30 நாளில் எந்த டைவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் வெறுங்கையோடு திரும்பிய நாளையும் சேர்த்துச் சொல்வார்கள்.

நவம்பர் 18, மாலை 6.25

பணம். 'பத்து டைவ் பேக்கேஜ்' என்றால் அதில் துறைமுக டைவ் எத்தனை, செக் டைவ் அதில் கழிகிறதா, கருவி வாடகை தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். 50 அறைக்குட்பட்ட கெஸ்ட் ஹவுஸில் பசுமை வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர். இவை சேர்ந்த விலையா, சேராததா என்பதில்தான் 'மலிவு' சென்டர்கள் மலிவாகத் தெரிகின்றன.

கடல் சரியில்லை என்று அவர்கள் ரத்து செய்தால் பணம் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். ரத்து செய்தாலும் சென்டருக்குப் பணம் போகாது என்றால் கைடு தைரியமாக ரத்து செய்வார். திருப்பித் தர வேண்டியிருந்தால் சுமாரான கடலிலும் இறக்கிவிடும் அழுத்தம் அவர்மேல் இருக்கும். உங்கள் பணம் கொஞ்சம் போனாலும் முந்தையதே நல்லது என்பது என் எண்ணம். அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தரும் சென்டர்.

நவம்பர் 18, இரவு 11.00

திரும்பும் விமானம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி. நான் 24 வைத்துக்கொள்வேன். மாலேவுக்குப் போகும் உள்ளூர் விமானம் சின்னதுதானே என்று இதிலிருந்து தப்பிக்க முடியாது. 'காலையில் ஒரு டைவ், மாலையில் ஃபிளைட்' என்று திட்டம் போட்டுத் தரும் சென்டரை அந்த ஒரு வரியிலேயே நிராகரித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் தீவு நின்றுவிடும், அன்றைய டைவ் அட்டவணை மாறும். மக்கள் வாழும் தீவு, மது கிடையாது, தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை.

நவம்பர் 23, காலை 9.10 (கேட்டவர்)

மூன்று சென்டருக்கு எழுதினேன். முதல் சென்டர்: "கவலை வேண்டாம், எல்லா லெவலும் ஓகே, தினமும் புலிச்சுறா." இரண்டாவது: டூர்னிக்கே போட்டோ அனுப்பினார்கள், ஆக்சிஜன் 10 லிட்டர், ஆனால் 22 டைவோடு வந்தால் செக் டைவ் இரண்டு, அதில் திருப்தி இல்லையென்றால் துறைமுக டைவ் கிடையாது, பணத்தை ரீஃப் டைவுக்கு மாற்றித் தருவோம் என்கிறார்கள். மூன்றாவது: ஏழு பேருக்கு ஒரு கைடு, விலை மிகக் குறைவு. இரண்டாவது சென்டர் பணம் வாங்கிக்கொண்டு சுறாவே காட்டாமல் அனுப்பிவிட்டால்?

நவம்பர் 23, காலை 10.35

இரண்டாவதையே எடுங்கள். காட்டாமல் அனுப்பும் அபாயத்தை நீங்களே குறைக்க முடியும், மற்ற இரண்டு சென்டரின் அபாயம் உங்கள் கையில் இல்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அட்வான்ஸ்டு ஐந்து டைவோடு இன்னும் ஆறேழு டைவ் சேர்த்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் 8 மீட்டரில் மணலுக்கு ஒரு சாண் மேலே கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகுங்கள். டைவ் கம்ப்யூட்டரில் ஆழம் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. தொடங்கிய பாரையும் முடித்த பாரையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். உங்கள் இருவரில் யாருக்குக் காற்று முதலில் தீர்கிறது என்பதை அந்த சென்டருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அவரை வரிசையில் கைடுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.